மூன்றாம் தரப்பு

பந்தல்குடி
12 ஆகஸ்ட் 2024

அன்புத் தம்பி ஜெயக்குமாருக்கு,

அக்கா தங்கச்செல்வி எழுதுவது. நானும் உன் அத்தானும் நல்லபடியாக இருக்கிறோம். அவருக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. மெட்ராசில் உன் உடம்பு எப்படி இருக்கிறது? போன தடவை வந்தபோது கன்னம் ஒட்டிக் கிடந்தது. கம்பெனி வேலை எங்கேயும் ஓடிப்போகாது, நேரத்துக்குச் சாப்பிடு.

இந்தக் காலத்தில் யார் தபால் எழுதுகிறார்கள் என்று சிரிக்காதே. நீ போனை எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் போடலாம் என்றால் அது நம் எடைமேடைக் கம்ப்யூட்டரிலும் திறந்தே கிடக்கிறது. எனக்குச் சந்தேகமே அந்தக் கம்ப்யூட்டர் மேல்தான். அதற்குள்ளேயே உட்கார்ந்து அதைப் பற்றிப் புகார் எழுத முடியுமா? அதனால் பேப்பரும் பேனாவும் எடுத்துவிட்டேன்.

விஷயம் இதுதான். நீ போட்டுக் கொடுத்த சிஸ்டம் போன வாரம் 'பெரிய அப்டேட் வந்திருக்கிறது, ஏற்றலாமா' என்று கேட்டது. ஏற்று என்றேன். வெகுநேரம் ஓடி முடித்துவிட்டுத் திரையில் தமிழில் ஒரு வரி போட்டது: 'மூன்றாம் தரப்பு மூலங்கள் முடக்கப்பட்டன.' எனக்குத் திக்கென்றது. அப்பா எழுதிவைத்த பத்திரத்தில் அம்மா, நீ, நான் என்று மூன்று பெயர். மூன்றாவது நான்தானே? என்னை எதற்கு முடக்குகிறார்கள்?

உன் அத்தான் எட்டிப் பார்த்தார். "அட, இது தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸு. மினிலாரிக்கு முடிஞ்சிருச்சு போல. கம்ப்யூட்டருக்கு எம்புட்டு அறிவு பாரு" என்று சொல்லிவிட்டு, அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏறிப் போய்க் கட்டிவிட்டு வந்துவிட்டார். முடிய இன்னும் நாள் கிடந்ததாம். வந்து பார்த்தால் அந்த வரி அப்படியேதான் நிற்கிறது. மனுஷன் ரசீதை எடுத்துத் திரைக்கு முன்னால் காட்டாத குறை.

அன்றையிலிருந்து எடைச்சீட்டில் தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக விழுகிறது. லாரிக்காரர்கள், "என்னக்கா, எடை கேட்டா கோலம் போட்டுக் குடுக்கீக?" என்று கேலி செய்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பந்தல்குடிச் சீட்டு என்றால் தூத்துக்குடி வரைக்கும் மறு எடை போடமாட்டார்கள். அது அப்பா காப்பாற்றின பெயர். நீ சின்னப்பிள்ளையில், லாரி நிற்கும்போது மேடையில் ஒரு காலை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பாய். அப்பா போட்ட சீட்டைக் கிழித்துப்போட்டுவிட்டு, உன்னைக் காதைப் பிடித்து இறக்கி, மறுபடியும் எடை போடுவார். உன் ஒரு கால் எடைகூட அடுத்தவன் கணக்கில் ஏறக்கூடாது அவருக்கு.

இன்னொன்று. நேற்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்காருகிறேன், திரையில் அம்புக்குறி தன்னால் நகர்ந்தது. மௌஸ் பக்கத்தில் என் கையே இல்லை. கொரோனா சமயத்தில் நீ மெட்ராசில் இருந்தபடியே நம் கம்ப்யூட்டருக்குள் வந்து வேலை செய்வாயே, அந்த வழி இன்னும் திறந்திருக்கிறதா? வேறு யாரும் அதில் வரமுடியுமா? உடனே எழுது.

கவலையும் கோபமும் பாதிப் பாதியாக,
அக்கா


சென்னை
30 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்கா,

நலம். நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அத்தானை மாடிப்படி ஏறவேண்டாம் என்று சொல். வேலை அதிகம், அதனால்தான் போனை எடுக்க முடியவில்லை.

அத்தான் இன்சூரன்ஸ் கட்டியதைப் படித்துச் சிரித்தேன். அது அந்தத் தேர்டு பார்ட்டி இல்லை. சிஸ்டத்தைச் செய்தவர்கள் ஒரு தரப்பு. அதைப் புழங்குகிற நீ இன்னொரு தரப்பு. வெளியாட்கள் செய்து, நாம் கொண்டுவந்து உள்ளே போட்ட புரோகிராம்கள் மூன்றாம் தரப்பு. சிஸ்டம் தன் சொந்தச் சரக்கைத் தன் குடோனில் இருந்து எடுத்துத் தானே புதுப்பித்துக்கொள்ளும். வெளிச்சரக்கு எந்த இடத்திலிருந்து வருகிறதோ அந்த இடத்துக்குத்தான் மூலம் என்று பெயர். பெரிய அப்டேட் ஏறும்போது வெளிச்சரக்கு ஒத்துவருமோ வராதோ என்று அந்த வழிகளையெல்லாம் சிஸ்டம் மூடிவிடும். பிறகு நாமாகத் திறந்துவிட்டால்தான் உண்டு. உன்னை யாரும் முடக்கவில்லை.

திருச்சுழி ராம்குமார் எழுதிக் கொடுத்த எடைச்சீட்டுப் புரோகிராமும் அப்படி வெளியிலிருந்து வந்ததுதான். அதனால்தான் எழுத்து கட்டமாக விழுகிறது. நீ எதையும் திறக்க வேண்டாம். வரும்போது நான் பார்க்கிறேன்.

தூரத்திலிருந்து நுழைகிற அந்தப் புரோகிராமைக் கொரோனா முடிந்த உடனேயே எடுத்துவிட்டேன். அம்புக்குறி நகர்ந்தது மௌஸில் தூசி அடைத்ததால் இருக்கும். துடைத்துப் பார். வீணாக மனதைக் குழப்பிக்கொள்ளாதே.

உன்,
ஜெயக்குமார்


பந்தல்குடி
14 செப்டம்பர் 2024

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் இருவரும் சுகம். இங்கே இன்னும் மழை இல்லை, வெயில் மண்டையைப் பிளக்கிறது. அங்கே எப்படி? துணியைக் காயப்போட்டுவிட்டு மழையில் மறந்துவிடாதே.

மௌஸைத் துடைத்தேன். சட்டைத் துணியால் துடைத்தேன், ஈரத்துணியால் துடைத்தேன், விபூதி மட்டும்தான் பூசவில்லை. அம்புக்குறி நகர்வது நின்றுவிட்டது. ஆனால் வேறு ஒன்று ஆரம்பித்திருக்கிறது.

அருப்புக்கோட்டை பைபாஸில் ராஜகுரு என்று ஒருவர் புதிதாக எடைமேடை போட்டிருக்கிறார். போடட்டும், ரோடு எல்லாருக்கும் பொது. பரளச்சிக் கரி வியாபாரி நேற்று சொன்னதைக் கேள். "அக்கா, ஒங்ககிட்ட செவ்வாக்கெழமை லோடு கொண்டாரேன்னு சொல்லிட்டுப் போனேன்ல. திங்கக்கெழமையே ராஜகுரு ஆபீசுல இருந்து போனு. 'நாளைக்கு ஒங்க லோடு இருக்காமே, நம்மகிட்ட வாங்க'ன்னு. அவுகளுக்கு எப்புடித் தெரியும்?"

இவர் ஒருத்தர் இல்லை. மல்லி வியாபாரிக்கும் இதே கதை. பருத்திக்காரருக்கும் இதே கதை. மேடை ஒன்றுதான் என்பதால் வரிசை ஒழுங்குக்காக அடுத்த லோடு என்றைக்கு, யாருடையது, போன் நம்பர் என்ன என்று நாம் முன்கூட்டியே பதிந்து வைப்போம் அல்லவா? அது தெரிந்தது மூன்று பேருக்கு. எனக்கு, கம்ப்யூட்டருக்கு, முருகேஸ்வரிக்கு.

முருகேஸ்வரி பரளச்சியிலிருந்து வருகிறாள். நம்மிடம் சீட்டுப் போட உட்கார்ந்து பல வருஷம் ஆகிவிட்டது. இதுவரை ஒரு சொல் கேட்டதில்லை. ஆனாலும் இப்போதெல்லாம் அவள் போனில் சிரித்தால் என் காது அங்கேயே போகிறது. யாரோடு பேசுகிறாள்? எதற்கு வெளியே போய்ப் பேசுகிறாள்? நேற்று அவள் டிபன் பாக்ஸைத் திறந்தபோதுகூடப் பார்த்தேன், தம்பி. அவ்வளவு கேவலமாகிவிட்டேன்.

இவளை என்ன செய்யலாம்? நீ படித்தவன், நிதானமாக யோசிப்பவன். இந்த ஒன்றுக்கு மட்டும் தெளிவாகப் பதில் எழுது.

ராத்தூக்கம் போன,
அக்கா


சென்னை
18 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். தாங்களும் அத்தானும் நலம்தானே? கடிதம் தாமதமாகத்தான் கையில் கிடைத்தது.

எடைச்சீட்டுக் கட்டம் கட்டமாக விழுவதற்கு ஒரு வழி சொல்கிறேன். புரோகிராமில் மொழி என்று இருக்கும் இடத்தில் ஆங்கிலத்தை வைத்துவிடுங்கள். சீட்டு ஆங்கிலத்தில் தெளிவாக விழும். இப்போதைக்கு அது போதும். புதிய பதிப்பு, மூலம் என்று எதற்குள்ளும் நீங்கள் போகவேண்டாம். தெரியாமல் கை வைத்தால் எல்லாமே நின்றுவிடும்.

புது எடைமேடை வந்தால் கொஞ்ச நாள் கூட்டம் அங்கே போகத்தான் செய்யும். பிறகு சரியாகிவிடும். மழைக்கு முன்னால் மேடைக்கு அடியில் சகதி சேராமல் வாரிவிடச் சொல்லுங்கள்.

தீபாவளிக்கு வர முடியுமா என்று தெரியவில்லை.

இப்படிக்கு,
ஜெயக்குமார்


பந்தல்குடி
5 நவம்பர் 2024

தம்பிக்கு,

தீபாவளி முடிந்தது. அத்தானுக்கு மழை ஈரத்தில் முழங்கால் இன்னும் மோசம். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனதுக்குத்தான். உனக்கு எடுத்த சட்டை பீரோவில் அப்படியே இருக்கிறது. அதிரசம் பாதியை அத்தான் தின்றார், மீதியை எறும்பு தின்றது.

முதலில் ஒன்று கேட்கிறேன். என்ன திடீரென்று எனக்கு 'தாங்கள்', 'நீங்கள்' எல்லாம்? பிறந்ததிலிருந்து என்னை நீ என்றுதானே கூப்பிட்டாய். மூக்கு ஒழுகின காலத்திலிருந்து பார்க்கிறேன். நீ மரியாதை கொடுத்ததெல்லாம் ஏதாவது உடைத்துவிட்டு வந்து நின்ற நாட்களில்தான். இப்போது எதை உடைத்தாய்?

இரண்டாவது. மேடைக்கு அடியில் சகதி வாருவது வரைக்கும் எழுதியிருக்கிறாய். நான் கேட்டது முருகேஸ்வரியைப் பற்றி. அவளைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. மூன்று தடவை படித்தேன். அக்கா மனம் நோகவேண்டாம் என்று சொல்லாமல் விட்டிருக்கிறாய், அப்படியென்றால் உனக்கும் அவள் மேல்தான் சந்தேகம் என்று எடுத்துக்கொண்டேன். தீபாவளிக்கு மறுநாள் அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டேன்.

அவள் அழவில்லை. "என்னைய சந்தேகப்படுறீகளாக்கா?" என்று கேட்டாள். நான் மேஜையில் கிடந்த சீட்டுகளை அடுக்கினேன். "வாய தொறந்து சொல்லிருங்க. சொல்லாம அனுப்புனா, நான் என்ன செஞ்சேன்னு ஊருல நாலு வெதமாப் பேசுவாக" என்றாள். நான் அடுக்கின சீட்டையே மறுபடி அடுக்கினேன். செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்துவிட்டாள். தண்ணீர் பாட்டிலை மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அது என்னைப் பார்த்துக்கொண்டே மேஜையில் நிற்கிறது.

மூன்றாவது. உன் அத்தான் போன வெள்ளிக்கிழமை அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் உன்னைப் பார்த்ததாகச் சொல்கிறார். டீக்கடையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாயாம். இவர் காலை இழுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டுவதற்குள் ஆள் இல்லையாம். "அது அவனேதான், காது அப்படியே ஒங்க அப்பா காது" என்கிறார். மெட்ராசில் இருக்கிறவன் இங்கே எப்படி வருவான், கண்ணாடியை மாற்றுங்கள் என்று திட்டிவிட்டேன். திட்டியது சரிதானே?

அக்கா


சென்னை
26 நவம்பர் 2024

அன்புள்ள அக்கா,

நலம். ஒரு வாரமாக இருமல், இப்போது பரவாயில்லை. அத்தான் காலுக்கு எண்ணெய் போட்டு நீவிவிடு. மழை ஈரத்தில் நடக்கவிடாதே.

அத்தான் பார்த்தது நானாக இருக்காது. நான் சென்னையில்தான் இருக்கிறேன்.

முருகேஸ்வரியைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள். அந்த அக்கா அப்படிச் செய்கிறவர் இல்லை. தயவுசெய்து கூப்பிடு. வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

உன்,
ஜெயக்குமார்


பந்தல்குடி
18 டிசம்பர் 2024

தம்பிக்கு,

இருமல் விட்டதா? சுக்கும் மிளகும் தட்டிப்போட்டுக் குடி. இங்கே அத்தான் கால் கொஞ்சம் தேவலை. மழை ஒருவழியாகப் பெய்து கண்மாயில் கொஞ்சம் தண்ணீர் கிடக்கிறது. சோளம் தலை தூக்கியிருக்கிறது.

அவள் அப்படிச் செய்கிறவள் இல்லை என்று எழுதியிருந்தாய். எனக்கும் அது தெரிந்துவிட்டது. அவள் போன பிறகும் ராஜகுரு ஆபீஸிலிருந்து நம் வியாபாரிகளுக்குப் போன் போவது நிற்கவில்லை. போன வாரம் மக்காச்சோள லோடு ஒன்று என் கண் முன்னாலேயே நம் மேடையைத் தாண்டிப் பைபாஸுக்குப் போயிற்று. டிரைவர் என்னைப் பார்க்காமல் மறுபக்கம் திரும்பிக்கொண்டான். சீட்டு இங்கிலீஷில் விழ ஆரம்பித்ததும் வெள்ளாமை பார்க்கிற சம்சாரிகள் பாதிப்பேர், "எங்களுக்குப் படிக்கத் தெரியாதத எழுதி என்னத்த மறைக்கீக?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். நீ சொன்ன வழியின் லட்சணம் இது. இப்படியே போனால் பங்குனிக்குள் ஷட்டரை இறக்கவேண்டியதுதான்.

ஆனால் எனக்கு இப்போது கேள்வி வேறு. நான் அவளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவள், எனக்கே தெரியவில்லை. மெட்ராசில் இருக்கிற உனக்கு அவள் செய்யவில்லை என்று எப்படி அவ்வளவு உறுதியாகத் தெரிந்தது?

உனக்காகக் காத்திருந்து பயனில்லை என்று நானே திருச்சுழிக்குப் போய் ராம்குமாரைப் பார்த்தேன். "என்னக்கா, கட்டம் விழுறதுக்கு செப்டம்பர்லயே புது வெர்சன் போட்டுட்டேனே. மூலத்தத் தொறந்து விட்டாத் தன்னால ஏறும். தம்பி சொல்லலையா?" என்று கேட்டார். எப்படித் திறப்பது என்று காட்டினார். ஒரு டிக் போடுகிற வேலை, ஜெயக்குமார். கை வைத்தால் எல்லாம் நின்றுவிடும் என்று எழுதினாயே, ஒரே ஒரு டிக்.

வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தேன். மூன்றாம் தரப்பு மூலங்கள் என்று மூன்று வரி இருந்தது. பிரிண்டருக்கு உள்ளது ஒன்று, டிக் இல்லை. ராம்குமாருடையது ஒன்று, டிக் இல்லை. பெரிய அப்டேட் மூடிவைத்தபடி இரண்டும் ஆகஸ்டிலிருந்து அப்படியே கிடக்கின்றன. மூன்றாவது வரியில் மட்டும் டிக் இருந்தது. தொட்டுப் பார்த்தேன். தூரத்திலிருந்து கம்ப்யூட்டருக்குள் நுழைகிற அதே புரோகிராம். நீ எடுத்துவிட்டேன் என்றது. இந்த மாதம் வந்த புதுப் பதிப்பு வரைக்கும் ஒழுங்காக ஏறியிருக்கிறது.

பூட்டிக்கிடக்கிற வீட்டுக்குள் எல்லாப் பாத்திரத்திலும் தூசி படிந்திருக்க, ஒரு செம்பு மட்டும் பளபளவென்று இருந்தால் என்ன அர்த்தம்? அதில் யாரோ தினம் தண்ணீர் குடிக்கிறார்கள். இந்தக் கம்ப்யூட்டரில் எங்கள் பிழைப்புக்கு வேண்டியதெல்லாம் பழசாகிக் கிடக்கிறது. உள்ளே நுழைகிற வழியை மட்டும் யாரோ அக்கறையாகப் புதுப்பித்து வைத்திருக்கிறார்கள். அதை நான் திறக்கவில்லை. முருகேஸ்வரிக்குத் தெரியாது. அத்தானுக்கு இன்சூரன்ஸைத் தவிர வேறு தேர்டு பார்ட்டி தெரியாது.

யார் டிக் போட்டது?

அக்கா


சென்னை
4 ஜனவரி 2025

அக்கா,

நலம். இருமல் விட்டுவிட்டது.

அது தானாகவே டிக் ஆகியிருக்கும். சில புரோகிராம்கள் அப்படிச் செய்யும். பொங்கலுக்கு வருகிறேன், நேரில் பேசுவோம். அதுவரை அந்த மூன்றாவதை எடுத்துவிடாதே. மற்ற எதை வேண்டுமானாலும் செய்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

ஜெயக்குமார்


பந்தல்குடி
29 ஜனவரி 2025

தம்பி ஜெயக்குமாருக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் உடம்புக்குச் சுகம். நீ சுகமா என்று இந்தத் தடவை கேட்கப்போவதில்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

பொங்கலுக்கு உனக்கும் சேர்த்துத்தான் அரிசி போட்டேன். நீ வரவில்லை. மாட்டுப்பொங்கல் அன்றைக்கு உன் ரூமில் கூட இருந்த பையனுக்குப் போன் செய்தேன். நீ போன வருஷம் அவசரத்துக்குக் கொடுத்த நம்பர். அவன் பாவம், பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. "அவன் ஆடி மாசமே காலி பண்ணிட்டுப் போயிட்டான்க்கா. கம்பெனியில நெறையப் பேரை வேலையில இருந்து எடுத்துட்டாங்க. உங்க லெட்டர் வந்தா அவனுக்கு அனுப்பிவிடுவேன், அவன் எழுதி அனுப்புறதை இங்க தபால்ல போடுவேன்" என்றான். எங்கே அனுப்புகிறாய் என்று கேட்டேன். அருப்புக்கோட்டை என்றான். நம் வீட்டிலிருந்து டவுனுக்கு பஸ் ஏறினால் ஒரு தூக்கம் போடக்கூட நேரம் இருக்காது. அந்தத் தூரத்துக்கு என் கடிதம் மெட்ராஸ் போய்ச் சுற்றி வந்திருக்கிறது.

அப்போதும் என் மனம் கேட்கவில்லை. வேலை போன வெட்கத்தில் ஒளிந்திருக்கிறான், அவ்வளவுதான், அந்த டிக்குக்கும் இவனுக்கும் சம்பந்தம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் பரளச்சிக்குப் போனேன். முருகேஸ்வரி வீட்டு வாசலில் நின்று, தப்பு என்னுடையது, வேலைக்கு வா என்று கூப்பிட்டேன். "வாரேன்க்கா. ஆனா நீங்க என்னைய அனுப்புனது ஊருக்கே தெரியும். நான் எதையும் எடுக்கலன்னு அதே ஊருக்கு முன்னாடி சொல்லுங்க" என்றாள். மேடைக்கு எதிரே டீக்கடையில் டிரைவர்கள் அத்தனை பேரும் நிற்கும்போது சொன்னேன். அவள் வந்து உட்கார்ந்து முதல் வேலையாக அந்தத் தண்ணீர் பாட்டிலைக் கழுவினாள்.

பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஒரு காரியம் செய்தோம். கம்ப்யூட்டரில் ஒரு பொய் லோடைப் பதிந்தோம். சரக்கு, கரி. ஊர், பரளச்சி. நாள், மறுநாள் காலை. போன் நம்பருக்கு முருகேஸ்வரி மகளுடையதைப் போட்டோம். வியாபாரி பெயர் என்ன போடுவது என்று அவள் கேட்டாள். குருசாமி என்று போடச் சொன்னேன்.

அப்பா பெயரை ஏன் போட்டேன் தெரியுமா? ஒருவேளை உள்ளே வருகிறவன் நீயாக இருந்தால், அந்தப் பெயரைப் பார்த்ததும் உனக்குக் கை நின்றுவிடும், அக்காவுக்குத் தெரிந்துவிட்டது என்று புரிந்துகொள்வாய், போன் வராது என்று நினைத்தேன். போன் வரக்கூடாது என்று அன்று மத்தியானம் சாமி கும்பிட்டேன்.

நாலு மணிக்கு வந்தது. முருகேஸ்வரி எடுத்து என் காதில் வைத்தாள்.

"வணக்கம், குருசாமி அண்ணாச்சிங்களா? பைபாஸ் ராஜகுரு எடைமேடையில இருந்து பேசுறோம். நாளைக்குக் கரி லோடு இருக்காமே. நம்மகிட்ட வாங்கண்ணாச்சி, காத்துக் கெடக்க வேணாம்."

உன் குரல்தான். அப்பா பெயரை வைத்து அப்பாவையே கூப்பிடுகிறாய், உனக்குத் தெரியவில்லை. எனக்கு ஏச வேண்டும் என்று எவ்வளவோ இருந்தது. வாயில் வந்தது ஒன்றுதான். "ஏலே, சாப்ட்டியா?"

நீ உடனே வைக்கவில்லை. உன் பக்கம் லாரி ஒன்று ஹாரன் அடித்தது கேட்டது. நீ மூச்சு விட்டது கேட்டது. பிறகு வைத்துவிட்டாய். முருகேஸ்வரி என் தோளில் கை வைத்தாள். அவளைச் சந்தேகப்பட்டவளின் தோள் அது.

சுகமா என்று ஏன் கேட்கவில்லை என்றால், குரலைக் கேட்டுவிட்டேன். இருமல் விட்டபாடில்லை.

வேலை போய்விட்டது என்று ஒரு வரி எழுதியிருந்தால் அன்றைக்கே அத்தான் வண்டி எடுத்துக்கொண்டு வந்திருப்பார். அக்கா வீட்டு வாசலில் நிற்க வெட்கப்பட்டு ராஜகுரு வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறாய். அவருக்கு உன் படிப்பா வேண்டும்? என் கம்ப்யூட்டருக்குள் போகிற வழிதான் வேண்டும். என் வியாபாரத்தை எடுத்துக்கொடுத்ததைக்கூட மறந்துவிடுவேன். ஒரு பெண்ணைத் திருடி என்று சந்தேகப்பட்டு, இவளை என்ன செய்யலாம் என்று நான் கேட்டபோது, செய்தது யார் என்று தெரிந்தும், மேடைக்கு அடியில் சகதி வாரச் சொல்லிக் கடிதம் எழுதினாய் பார், அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. 'நீங்கள்' போட்ட கடிதம் அது.

இன்று காலை உட்கார்ந்து எல்லாவற்றையும் நானே செய்தேன். ராம்குமாருடைய மூலத்துக்கு டிக் போட்டேன். புதுப் பதிப்பு ஏறி, சீட்டு தமிழில் அழகாக விழுகிறது. பிரிண்டருக்கும் டிக் போட்டேன். இனி மாதாமாதம் எது புதிதாக வந்திருக்கிறது, யாரிடமிருந்து வந்திருக்கிறது என்று நானும் முருகேஸ்வரியும் பார்த்துத்தான் ஏற்றுவோம். பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். அந்த மூன்றாவது புரோகிராமைப் பிடுங்கி எடுத்துவிட்டு, அதன் மூலத்தையும் அழித்தேன். திரையில், 'மூன்றாம் தரப்பு மூலம் நீக்கப்பட்டது' என்று வந்தது.

முதல் தடவை அந்த வார்த்தையைப் பார்த்தபோது, யாரோ என்னை வெளியே தள்ளுகிறார்கள் என்று பயந்தேன். இன்று படித்தபோது அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. நீ எனக்கு எந்தக் காலத்திலடா மூன்றாம் தரப்பு?

இந்தக் கடிதத்தை மெட்ராசுக்குப் போடவில்லை. அத்தான் கையில் கொடுத்து பைபாஸுக்கே அனுப்புகிறேன். அவர் உன்னோடு சண்டை போடமாட்டார், கொடுத்துவிட்டு வந்துவிடுவார். தீபாவளிச் சட்டையும் அதே பையில் இருக்கிறது.

அப்பா உன்னை இறக்கிவிட்ட மாதிரி காதைப் பிடித்து இறக்க எனக்கு இப்போது கை எட்டாது. நீயாகத்தான் இறங்க வேண்டும். அங்கே ஒரு கால், இங்கே ஒரு கால் என்று நின்றால் யார் எடையும் சரியாக விழாது. இறங்கி வந்து, முருகேஸ்வரி முன்னால் நின்று, செய்தது நான்தான் என்று சொல். நான் டீக்கடை முன்னால் சொன்ன மாதிரி நாலு பேர் கேட்கச் சொல். அதற்குப் பிறகு தட்டில் சோறு போடுவது என் பாடு.

கம்ப்யூட்டர் வழியை அடைத்துவிட்டேன். வாசல் திறந்துதான் இருக்கிறது, அந்த வழியாக வா.

உன்,
அக்கா